பழைய டிராக்டர்ல ஆயில் சீல் மாத்தப் போறீங்களா?

பின்னாடி பிடிஓ ஷாஃப்ட் (ரோட்டவேட்டர் மாதிரி கருவியைச் சுத்த வைக்கிற தண்டு) கிட்ட ஆயில் சொட்டுதுன்னு தெரிஞ்சதும் ஓடிப்போய் சீல் வாங்கிடாதீங்க, முதல்ல பிரீத்தரை, அதாவது கியர்பாக்ஸ் காத்து வெளிய போற ஓட்டையைப் பாருங்க. நான் ஒரு தடவ புது சீல் போட்டு ரெண்டே வாரத்துல மறுபடி ஒழுக ஆரம்பிச்சு, சீல் டூப்ளிகேட்டுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன், கடைசில பார்த்தா கியர்பாக்ஸ் பிரீத்தர் ஓட்டைல குளவி மண்ணு வெச்சு அடைச்சிருக்கு. ஆயில் சூடாகி உள்ள இருக்குற காத்து விரியும்போது வெளிய போக வழி இல்லைன்னா சீல் வழியாத்தான் ஆயிலைத் தள்ளிக்கிட்டு வரும், எத்தன சீல் போட்டாலும் நிக்காது.

அடுத்து இன்ஜினை நிறுத்தி சாவியை எடுத்துட்டு, ஷாஃப்ட்டைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் நல்லா தெரிஞ்சா பேரிங் போயிருக்கு, அத விட்டுட்டு சீல் மட்டும் போட்டா காசு தண்டம்.

ஆயிலை வடிச்சுட்டு பழைய சீலைக் கழட்டணும். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்புனா ஷாஃப்ட்ல கீறல் விழும், அதனால சீலோட தகரத்துல சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு ஸ்குரூவை முறுக்கி, பிளையரால மாத்தி மாத்தி இழுங்க. டிரில் பிட்ல கிரீஸ் தடவிக்கிட்டா தூள் உள்ள போகாம அதுலயே ஒட்டிக்கும். சீல் மேலயே 45-65-10 மாதிரி நம்பர் இருக்கும், அதாவது உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டர்ல. அழிஞ்சிருந்தா வெர்னியர் வெச்சு ஷாஃப்ட்டையும் சீல் உக்கார்ற குழியையும் அளந்துக்கோங்க.

இப்பதான் முக்கியமான வேலை. சீல் லிப் (ஷாஃப்ட்டைத் தொடுற ரப்பர் விளிம்பு) ஓடுன இடத்துல பளபளன்னு ஒரு வளையம் தெரியும், அதுமேல நகத்தை வெச்சு குறுக்க இழுங்க. நகம் மாட்டுச்சுன்னா அங்க பள்ளம் விழுந்திருச்சு. இடம் இருந்தா புது சீலை ரெண்டு மில்லி முன்னவோ பின்னவோ தள்ளி உக்கார வைக்கலாம், லிப் புது இடத்துல ஓடும், இல்லைன்னா ரிப்பேர் ஸ்லீவ்னு மெல்லிசா ஒரு ஸ்டீல் உறை வருது அத ஏத்திடலாம். லேசான துருன்னா நைஸ் எமரி ஷீட்டை ஷாஃப்ட்டைச் சுத்தித் தேய்ங்க, நீளவாக்குல தேய்ச்சா அந்தக் கோடு வழியாவே ஆயில் வந்துரும்.

புது சீலைப் போடும்போது அதுல ஸ்பிரிங் இருக்குற பக்கம் ஆயில் இருக்குற உள்பக்கம் பார்த்து போகணும். ரெண்டு லிப் சீல்னா ஸ்பிரிங் இல்லாத சின்ன லிப் தூசிக்கு, அது வெளிய. லிப்ல கிரீஸ் தடவுங்க, ஸ்பிரிங் பள்ளத்துலயும் கொஞ்சம் அப்புங்க, அடிக்கும்போது ஸ்பிரிங் தெறிக்காது. பிடிஓ ஷாஃப்ட் நுனில இருக்குற ஸ்பிளைன் (பல்லு மாதிரி வரிவரியா இருக்குறது) முனை பிளேடு மாதிரி லிப்பை அறுத்துடும், அதனால அதுமேல டேப் சுத்திட்டு சீலை ஏத்துங்க, ஏத்துனதும் டேப்பை உருவிடணும். சீலோட வெளி விளிம்பு அளவுக்கு ஒரு பைப் துண்டு வெச்சு, சுத்தி வர சமமா தட்டுனாதான் கோணாம போகும்.

ஆயிலை லெவல் வரைக்கும் மட்டும் ஊத்துங்க, அதிகமானாலும் ஒழுகும். அரை மணி நேரம் ஓட்டிட்டு துணியால துடைச்சுப் பாருங்க.

கிளட்ச் ஹவுசிங் அடியில சொட்டுறது இன்ஜின் ஆயில்னா அது கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல், டிராக்டரையே ரெண்டாப் பிரிக்கணும், தனியா இறங்காதீங்க. பிரிச்சதோட கிளட்ச் பேரிங்கையும் மாத்திடுங்க, அதுக்காக இன்னொரு தடவ பிரிக்க யாருக்கும் தெம்பு இருக்காது.