கடற்பாசிச் சாற்றில் வெள்ளி நானோ துகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்பாசிச் சாற்றால் வெள்ளி நானோ துகள் செய்து, அதைக் கொண்டு சாயக் கழிவுநீரின் நிறத்தைப் போக்கும் ஆய்வு பற்றியது இது. கையுறை, சாடியில் ஒட்டும் பெயர்ச்சீட்டு பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. மாதக்கணக்கான உழைப்பை விழுங்குபவை வேறு.

உப்பை விட்டுவைப்பது

கோலாலம்பூரில் ஆய்வு தொடங்குபவர்கள் போர்ட்டிக்சன் கரையிலிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியைக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரில் அலசிக் காயவைத்து அரைக்கிறார்கள். 10 கிராம் தூள், 100 மி.லி. நீர், 60 பாகை செல்சியஸ், 20 நிமிடம். வடிகட்டிய சாற்றில் 10 மி.லி. எடுத்து 90 மி.லி. சில்வர் நைட்ரேட்டில் (1 மில்லிமோலார்) ஊற்றியதும் கலங்கிப் பழுப்பாகிறது. நானோ துகள் வந்துவிட்டதென்று குறித்துக்கொள்கிறார்கள். வந்தது பெரும்பாலும் கடலுப்பின் குளோரைடோடு வெள்ளி சேர்ந்த சில்வர் குளோரைடு.

தூளில் 1 விழுக்காடு குளோரைடு இருந்தாலே கலவையில் அது 2.8 மில்லிமோலார், வெள்ளியோ 0.9 தான். மிச்சமின்றிப் படிந்துவிடும். சில்வர் குளோரைடு வெளிச்சத்தில் தானாகவே கறுக்கும், சாற்றுக்கும் சொந்தப் பழுப்பு உண்டு, ஆகவே கண்ணை நம்ப முடியாது. வெளிச்சத்தில் அதுவே சாயத்தையும் வெளுக்கச் செய்வதால் தவறு மறைந்தே கிடக்கும். எக்ஸ்ரே விளிம்பு வளைவுச் சோதனையில் வெள்ளியின் 38.1 பாகை முகட்டுக்குப் பக்கத்திலேயே சில்வர் குளோரைடின் 27.8, 32.2, 46.2 பாகை முகடுகள் எழும்போதுதான் தெரியவரும். அதற்குள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதி முடிந்திருக்கும். ஐந்து நிமிடச் சோதனையில் தவிர்க்கக்கூடியது இது. அதனால்தான் இன்னும் எரிச்சலூட்டுகிறது.

மணல் போகக் குழாய் நீர் போதும். கடைசி அலசல்கள் அயனி நீக்கிய நீரில் நடக்கட்டும். கடைசியாக அலசி வடித்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் கலங்கக் கூடாது. செல்லுக்குள் இருக்கும் உப்பு சூட்டில்தான் வெளிவரும், எனவே சாற்றையும் சோதியுங்கள்: இரண்டு குழாயிலும் நைட்ரிக் அமிலம், ஒன்றில் மட்டும் சில்வர் நைட்ரேட். பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் அமிலத்தில் திரியும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இரண்டாவது குழாய். சில்வர் நைட்ரேட் விட்ட குழாய் மற்றதைவிடக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது; சாற்றை டயாலிசிஸ் பையில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) இட்டு நீரில் வையுங்கள். வெள்ளி அயனியை உலோகமாக்கும் சிறிய பாலிஃபீனால்களும் வெளியேறும், வினை மெதுவாகும். அதுவும் முடியாதென்றால், கிடைத்ததை வெள்ளி–சில்வர் குளோரைடு கலவை என்றே எழுதுங்கள்.

நிறம் போனால் சிதைந்தது என்பது

சோதனைக்கு எடுக்கும் நீலச் சாயமான மெத்திலின் புளூ, துகளின் மேல் ஒட்டிக்கொண்டாலும் நிறம் குறையும். முதலில் 30 நிமிடம் இருட்டில் கலக்குங்கள். சென்ட்ரிஃபியூஜ் செய்தபின் 664 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவெடுங்கள். சோடியம் போரோஹைட்ரைடு (ஒடுக்கும் வேதிப்பொருள்) சேர்த்து நிறம் போயிருந்தால், காற்றுப்படக் குலுக்கிப் பாருங்கள். நீலம் திரும்பினால் சாயம் ஒடுக்கமடைந்து (எலக்ட்ரான் ஏற்று) நிறமிழந்திருக்கிறது, சிதையவில்லை.

நேற்றுக் கரைத்த போரோஹைட்ரைடு

கொட்டிவிடுங்கள்.

பாத்தேக் கழிவுநீரில் நேராக இறங்குவது

பாத்தேக் துணிக்கான ரியாக்டிவ் சாயத்தை (இழையோடு வேதிப்பிணைப்பில் சேரும் சாயம்) நிலைநிறுத்தச் சோடியம் சிலிகேட் பூசுகிறார்கள்; கழிவுநீர் கடும் காரமாக இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சமன்செய்தால் குளோரைடு உள்ளே வரும், நைட்ரிக் அமிலமே நல்லது. எதைச் சேர்த்தாலும் சிலிக்கா கூழாகத் திரண்டு கொஞ்சம் சாயத்தையும் இழுத்துக்கொள்ளும். அதை வடித்தெடுத்த நீரிலுள்ள சாய அளவையே தொடக்க அளவாகக் கொள்ளுங்கள்.