இடிந்த தடுப்புச்சுவருக்கு ஒரு மனு: எழுதுவது, நேரில் பேசுவது, விடாமல் கேட்பது

கோத்தகிரி பக்கம் எங்கள் லைன் வீடுகளுக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பின்னால் இருந்த கல் தடுப்புச்சுவர் ஒரு ஐப்பசி மழையில் சரிந்தது. ஆறு வீடுகளில் பின்கதவைத் திறக்க முடியவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து நான்கு பக்கம் மனு எழுதினேன். மூன்று மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: தங்கள் மனு தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. எந்தத் துறை என்று அதில் இல்லை. அடுத்து எழுதிய மனு முக்கால் பக்கம். அதற்கு ஒன்பதாவது நாள் ஆள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள்.

சுவர் அதேதான், மழையும் அதேதான். நான் சொன்ன விதம்தான் மாறியிருந்தது. முதல்முறை மனு எழுதப் போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன். அனுப்புநர், பெறுநர் எந்தப் பக்கம் வரும் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதிய விடுப்புக் கடிதம் நினைவிருந்தால் போதும்.

படி 1: முதலில் வாயால் சொல்லுங்கள்

பேனாவைத் தொடாதீர்கள். விஷயம் தெரியாத ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். நான் மேல் லைன் அக்காவிடம் போனேன்.

"அக்கா, போன வருஷமே அந்தச் செவுத்துல விரிசல் விட்டுச்சு. அப்பவே நாங்க போய்ச் சொன்னோம். பார்க்கிறோம்னாங்க. அதுக்கப்புறம் தேர்தல் வந்துச்சு..."

அக்கா கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சரிம்மா, இப்ப உனக்கு என்ன வேணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான்கு பக்க மனுவிலும் அந்தப் பதில் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. கோபம் இருந்தது, பழைய கதை இருந்தது. எந்த இடம், எத்தனை அடி, என்ன செய்து தர வேண்டும் என்பது மட்டும் இல்லை.

ஆகவே எங்கே, என்ன ஆனது, எப்போதிலிருந்து, என்ன வேண்டும் என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். பிறகு கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எதை விடுகிறாரோ, அதை நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

படி 2: 'பொருள்' வரி

நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

என் முதல் மனுவில் இருந்த வரி:

பொருள்: தடுப்புச்சுவர் சம்பந்தமாகத் தகுந்த நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் மனுநாளில் கட்டுக்கட்டாகக் காகிதம் வந்து சேரும் மேசையில், அதைப் பிரித்து அனுப்புகிறவர் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். 'தகுந்த நடவடிக்கை' என்றால் என்ன? ஊராட்சி செய்ய வேண்டியதா, நெடுஞ்சாலைத் துறையா, வனத்துறையா? வரியில் பிடி எதுவும் இல்லை. அதனால் காகிதம் ஏதோ ஒரு கட்டுக்குள் போய்விடுகிறது.

இரண்டாவது மனுவுக்கு இந்த ஒரு வரியை ஏழு தடவை திருத்தினேன். கடைசியில் வந்தது:

பொருள்: எங்கள் ஊராட்சி 3-ஆவது வார்டு லைன் வீடுகளின் பின்புறம், ஊராட்சி நிலத்தில் இடிந்து விழுந்த 40 அடி நீளத் தடுப்புச்சுவரை மீண்டும் கட்டித் தரக் கோருதல் – தொடர்பாக.

இதில் இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, வேண்டியது இருக்கிறது. முக்கியமாக, நிலம் யாருடையது என்பது இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணைக் கேட்டேன். அரை நாள் கூலி போனது. அந்த அரை நாளை முதல் தடவையே செலவழித்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். மலையில் ஒரே சரிவில் எஸ்டேட் நிலம், வருவாய் நிலம், வன நிலம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். யாருடைய நிலம் என்று தெரியாமல் எழுதினால் மனு ஒவ்வொரு அலுவலகமாகச் சுற்றும்.

படி 3: உள்ளே என்ன எழுதுவது

மூன்று சின்னப் பத்திகள் போதும். நடந்தது, இப்போதுள்ள ஆபத்து, வேண்டியது. பழைய கதைக்கு ஒரு வரி கொடுங்கள்: இது குறித்து இன்ன தேதியில் மனு கொடுத்தோம், எண் இன்னது. அவ்வளவுதான்.

'பலத்த மழை', 'மிகவும் மோசமான நிலை', 'சொல்லொணாத் துயரம்' எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நீலகிரியில் இருந்துகொண்டு பலத்த மழை என்றால் யாருக்கு என்ன புரியும்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறோம் அல்லவா? உங்களிடம் மழை அளவு இருக்காது, பரவாயில்லை. அடி இருக்கும், தேதி இருக்கும், வீட்டு எண்ணிக்கை இருக்கும். 'சுவருக்கும் பின்கதவுக்கும் இடையே 3 அடி. ஆறு வீடுகளில் 27 பேர், அதில் ஐந்து குழந்தைகள்' என்று எழுதினேன். அழுது எழுதிய நான்கு பக்கம் செய்யாததை அந்த இரண்டு வாக்கியம் செய்தது.

இடம் சொல்ல ஒரு வழி: பக்கத்து மின்கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். 'மாரியம்மன் கோயிலுக்கு மேலே' என்றால் எந்த மாரியம்மன் என்று கேட்பார்கள். படம் இணைத்தால் அளவு தெரிய ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். நான் கொழுந்துக் கூடையை வைத்து எடுத்தேன்.

இன்னொன்று. எங்கள் பெரியவர்கள் இன்றும் 'கனம் பொருந்திய சமூகத்திற்கு' என்று தொடங்கி, பாதம் பணிந்து முடிக்கிறார்கள். வேண்டாம். 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மா' போதும். பாதுகாப்பாக வாழ ஒரு சுவர் கேட்பதற்கு யாரும் யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

படி 4: பேனா, காகிதம், போன்

ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் மூடுபனியிலேயே எழுத்து ஊறிவிடும். நீல மை பால்பாயிண்ட், ஏ4 தாள், ஒரு பிளாஸ்டிக் கவர். கையெழுத்து நன்றாக இருந்தால் கையாலேயே எழுதுங்கள்.

போனில் பேசித் தட்டச்சு செய்வது எனக்குப் பிடிக்கும். மனதில் இருப்பது வேகமாக வந்துவிடும். ஆனால் நாம் பேசுவது பேசுகிறபடியே விழும். 'செவுரு'வைச் சுவராக்கி, 'இடிஞ்சிருச்சு'வை 'இடிந்துவிட்டது' என்று மாற்ற வேண்டும். வெளியே டைப் அடிக்கக் கொடுத்தால் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததைப் போனில் அனுப்பினால் எதிரில் இருப்பவருக்குக் குறியீடுகளாகத்தான் தெரியும்.

படி 5: நேரில் பேசுவது

மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. ஊட்டியில் பிங்கர்போஸ்ட்டில் உள்ள ஆட்சியர் அலுவலகக் கூடுதல் வளாகத்தில் நடக்கும். வெளியூர்க்காரர்கள் டவுனுக்குள் இறங்கித் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

உங்கள் முறை வரும்போது ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. காகிதத்தைக் கொடுத்த உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். அவர் பொருள் வரியைப் படித்து நிமிரும்வரை பொறுங்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது இதுதான்: "ஐயா, வணக்கம். எங்க ஆறு வீட்டுக்குப் பின்னாடி 40 அடி தடுப்புச்சுவர் இடிஞ்சிருச்சு. ஊராட்சி நிலம். அடுத்த மழைக்குள்ள கட்டித் தரணும்." பத்து வினாடி.

அதற்குப் பிறகு கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். "எப்போ இடிஞ்சது?" என்றால் தேதி. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்தது எல்லாம் தொண்டைக்கு வரும். விழுங்கிக்கொள்ளுங்கள். கூடப் போகிறவர்களில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். நான்கு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் காதில் விழாது.

படி 6: எண்ணை வாங்காமல் நகராதீர்கள்

மனுவைப் பதிவு செய்த எண்ணை வாங்கி, உங்கள் ஜெராக்ஸ் பிரதியின் மேலே எழுதி வையுங்கள். தொலைபேசியில் கேட்கும்போது பெயருக்கு முன் எண்ணைச் சொல்லுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100. ஒவ்வொரு முறையும் யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள், என்றைக்கு என்று ஒரு நோட்டில் குறியுங்கள். "ஏற்கெனவே சொன்னேனே" என்பதற்கும் "12-ஆம் தேதி காலை சொன்னேன்" என்பதற்கும் வரும் பதில் வேறு.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் கேட்டவை.

படுகர் சமூகத்துத் தங்கை ஒருத்தி: "அக்கா, நாங்க வீட்ல படுகு மொழி பேசறவங்க. நாலு பேர் முன்னால தமிழ் தடுமாறுது." முதல் வாக்கியத்தை மட்டும் தமிழில் மனப்பாடம் செய்யுங்கள். மற்றது காகிதத்தில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் தடுமாற்றம் பாதி போய்விடும்.

தபாலில் அனுப்பலாமா? அனுப்பலாம். 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில் விரைவுத் தபால் என்றே கேட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கிராம சபையில் பேசலாமா? அவசியம் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். அங்கே பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் கணக்கு. கையெழுத்துப் போடும் முன், உங்கள் தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் அதையே செய்யுங்கள். எங்கள் தாத்தா 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர். முகாமிலிருந்து தோட்டம்வரை அவர் ரேகை வைத்த காகிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒன்றைக்கூட அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. சுவர் மனுவில் மேல் லைன் அக்காவின் ரேகையும் இருக்கிறது. மை தடவும் முன் முழுவதையும் படித்துக் காட்டினேன். 27 பேர் என்ற இடத்தில் நிறுத்தி, "28 போடு, கடைசி வீட்டுப் பொண்ணுக்கு நேத்துதான் பிள்ளை பிறந்திருக்கு" என்றார். திருத்தி எழுதிய பிறகு ரேகை வைத்தார்.