பேனா நிற்கும் இடம்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் 19 வருஷமாகக் கணக்கு வாத்தியார் நான். ‘எம்புள்ளைக்குப் படிப்புல நாட்டமே இல்ல சார்’ என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, எந்த வகுப்பிலிருந்து இப்படி என்றுதான். நாட்டம் ஒரே நாளில் போவதில்லை. எங்கோ ஒரு பாடம் புரியாமல் போயிருக்கும். அதற்கு மேல் நடத்தியதெல்லாம் பிள்ளைக்கு வெறும் சத்தம்.

அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். எட்டாவது படிக்கிற பையனிடம் எட்டாவது கணக்கைக் கொடுக்காதீர்கள். மற்ற பிள்ளைகள் போனபிறகு, மூன்றாம் வகுப்பில் தொடங்கி வகுப்புக்கு இரண்டு கணக்காக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மார்க் போடாதீர்கள். பேனா எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். நின்ற இடத்துக்கு முந்தின படியிலிருந்து ஆரம்பியுங்கள், அவனால் முடிகிற கணக்கிலிருந்து.

ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்கு இலவம்பாடியில் கத்திரித் தோட்டம்; 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முள்ளு கத்திரி. விடியற்காலையில் காய் பறித்துவிட்டு வருவான், இரண்டாவது பீரியடில் தூங்குவான். அவன் பேனா நின்றது தசமத்தில். மறுநாள் கேட்டேன்: “கத்திரிக்கா கிலோ 60 ரூபா. முக்கா கிலோ எவ்ளோ?”

கேட்டு முடிப்பதற்குள், “நாப்பத்தஞ்சு சார்.”

கரும்பலகையில் 0.75 × 60 என்று எழுதினேன். “இது வராது சார்” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

“முக்கால்னா என்னாடா?”

“மூணு கால் சார்.”

“கால் கிலோ எத்தன கிராம்?”

“எரநூத்தம்பது.”

1000-ல் 250 என்றால் 0.25, அதுபோல் மூன்று 0.75 என்று அவனே வந்து சேர்ந்தான். காலுக்குக் கீழே என்ன அளவு என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னேன். அரைக்கால், மாகாணி என்று இரண்டு சொல்லோடு வந்தான். காலில் பாதி அரைக்கால், 0.125. அதில் பாதி மாகாணி, 0.0625. யாரும் கூப்பிடாமல் கரும்பலகைக்கு வந்து பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போனான். அந்த வருஷம் அவன் தானாக எழுந்து வந்தது அன்றைக்குத்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு டேப். பீடி சுற்றுகிற அம்மாவின் பிள்ளைக்குக் கட்டுக் கணக்கு, ஆயிரத்துக்கு இத்தனை என்கிற கூலிக் கணக்கு. புத்தகத்தை அதன் பக்கத்தில் வையுங்கள்.

தூக்கத்தைப் பாடம் சொல்லித் தீர்க்க முடியாது. கத்திரித் தோட்டத்துப் பையனின் அப்பாவிடம் போய்ப் பேசினேன். “ஆளு கெடைக்கல சார், நான் இன்னா பண்றது?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். சனி, ஞாயிறு மட்டும் பறிக்கட்டும், மற்ற நாளில் ஆறு மணிவரை தூங்கட்டும் என்று பேசி முடித்தோம். எந்தப் பிள்ளையையும் சோம்பேறி என்று சொல்வதற்குமுன் எத்தனை மணிக்கு எழுந்தது, என்ன சாப்பிட்டது என்று கேட்டுவிடுங்கள்.

கணக்கு அல்லாத பாடங்களில் விடையைச் சொல்லிவிடாமல் ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள். வரலாறு பிடிக்காத ஒரு மாணவியை வகுப்போடு, ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்ப் புரட்சி நடந்த வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: “ஒரு தலைப்பாகைக்காக சிப்பாய்ங்க உயிரக் கொடுப்பாங்களாம்மா?” அகழி ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். புதுத் தலைப்பாகை மட்டுமல்ல. நெற்றிக்குறி கூடாது, காதுக் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவு இருந்ததை அவளே பாடத்தில் தேடிப் படித்தாள். 1806 ஜூலை 10 என்ற தேதியை அதற்குப்பிறகு யாரும் அவளுக்கு மனப்பாடம் செய்விக்கவில்லை.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மார்க்கை வகுப்பில் உரக்கப் படிப்பேன். குறைந்த மார்க் வாங்கிய ஒரு பெண் அடுத்த வாரம் முழுக்க வரவில்லை. அவள் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது விடைத்தாளை மடித்துக் கையில்தான் கொடுக்கிறேன். அக்காவோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் இதே காயம்தான்.

ஒரு மாதம் நன்றாகப் போகும். பிறகு திருவிழா, காய்ச்சல், அறுவடை என்று நான்கு நாள் வராமல் இருந்துவிட்டுப் பிள்ளை பழையபடி கடைசி பெஞ்சில் உட்காரும். அன்றைக்கு ‘ஏன் வரல’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பிள்ளையால் கட்டாயம் போட முடிகிற ஒரு கணக்கை எழுதி, நோட்டை அதன் முன்னால் வையுங்கள்.