பாட்டிலில் பிசுக்கு, தோசைக்கல்லில் பளபளப்பு: எந்த எண்ணெய் எதற்கு?

நல்லெண்ணெய்ப் பாட்டிலின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வாங்கின புதுசில் வழுக்கின இடம், இரண்டு மாதம் போனால் விரலைப் பிடித்து இழுக்கும். கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் பிளாட்டில் சாமி விளக்கு, அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர், தாளிக்கிற கரண்டி மாட்டுகிற ஆணி என்று எல்லா இடத்திலும் இந்தப் பிசுக்குதான். பக்கத்திலேயே இருக்கிற தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் மட்டும் இன்னும் வழுவழு. இது ஏன் என்று தெரிந்துகொண்டால், கடையில் எண்ணெய் வரிசைக்கு முன்னால் நின்று முழிக்கிற வேலை பாதி குறையும்.

எந்தச் செடியிலிருந்து வந்தாலும் எண்ணெயின் அமைப்பு ஒன்றுதான்: கிளிசரால் என்கிற சின்ன மூலக்கூறு, அதில் கோத்த மூன்று கொழுப்பு அமில வால்கள், ஒவ்வொரு வாலும் ஒரு கார்பன் சங்கிலி. குணமெல்லாம் வாலில் இருக்கிறது. நேரான வால்கள் விறகுக்கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், சீக்கிரம் உறையும். வாலின் நடுவில் இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு கார்பன்களுக்கு இடையில் இரட்டைக் கட்டு, வந்தால் அந்த இடத்தில் வளையும். கோணல் விறகை எப்படி அடுக்குவது, அதனால் அந்த எண்ணெய் திரவமாகவே நிற்கும். தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேர், ஆனால் குட்டை. அதில் பாதிக்குக் கிட்ட இருக்கிற லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன்தான். ஆகவே சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் சூட்டில் சமையலறையில் அது உறைந்து நான் பார்த்ததில்லை. ஏர்கானை 20-இல் வைத்துத் தூங்குகிற என் மகன் அறையில் மட்டும் காலையில் மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும்.

இரட்டைப் பிணைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதற்குப் பக்கத்தில்தான் போய்க் கடிக்கும். கடிபட்ட வால்கள் துண்டாகி உடைந்தால் சிக்கு வாடை. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டால் பிசுக்கு. ஆய்வுக்கூடத்தில் இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அயோடின் எண் என்று அளப்பார்கள், அதாவது 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்ற கணக்கு. தேங்காய் எண்ணெய் 10-க்கும் கீழே, செம்பனை எண்ணெய் (பாமாயில்) 50-க்கு மேலே, நல்லெண்ணெய் 100-ஐத் தாண்டும், ஆளி விதை எண்ணெய் 170-க்கும் மேல். மரச்சாமான்களுக்குப் பூசினால் ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாவது இதனால்தான்.

நமக்கு அயோடின் வேண்டாம், ஐஸ்பெட்டி போதும். சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வீட்டில் இருக்கிற எண்ணெய்களை ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாகும், செம்பனை கலங்கிக் கட்டியாகும், கடலை எண்ணெய் கெட்டிப்படும், சூரியகாந்தி அப்படியே தெளிவாக நிற்கும். கட்டியாகிறது என்றால் நேர் வால் அதிகம், அடுப்புச் சூட்டையும் காற்றையும் தாங்கும். தெளிவாக நிற்கிறது என்றால் கோணல் வால் அதிகம், சீக்கிரம் கெடும்.

முறுக்கு சுடவா? மானிய விலையில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிற அந்த ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலமே நல்ல தேர்வு, கௌரவம் பார்க்க வேண்டியதில்லை. அது செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த திரவப் பகுதி. சுத்திகரித்தது, 220 டிகிரிக்குக் கிட்டப் போனால்தான் புகையும். (மலாயாவில் செம்பனையை வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூரில், தென்னமரம் எஸ்டேட்டில். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை.) எண்ணெயைக் கெடுப்பதில் மாவின் ஈரமும் அடியில் கருகுகிற தூளும்தான் முக்கியம். தண்ணீரும் சூடும் சேர்ந்தால் வால்கள் கிளிசராலை விட்டுக் கழன்றுபோகும், கழன்ற வால் சீக்கிரம் புகையும். சுட்டு முடித்ததும் ஆறவைத்து, வடிகட்டி, மூடிவையுங்கள். அடுத்த தடவை நுரை அடங்காமல் பொங்கினால் அல்லது எடுத்த எடுப்பிலேயே புகைந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது தோசைக்கல்லுக்கு வருவோம். பாட்டிலில் நாம் திட்டுகிற அதே பிசுக்கு, இரும்புக்கல்லில் நன்றாக வெந்தால் தோசை ஒட்டாத கறுப்புப் படலம். இதற்கு நல்லெண்ணெய் எடுங்கள். தேங்காய் எண்ணெயில் பின்னிக்கொள்ள இரட்டைப் பிணைப்பே போதாது. ஆனால் பார்த்து வாங்குங்கள், பசாரில் சீன சமையலுக்கு விற்கிற கறுத்த எள் எண்ணெய் வேறு. அது வறுத்த எள்ளில் எடுத்தது, மணத்துக்குக் கடைசியில் ஊற்றுவது.

புதுக்கல்லைச் சோப்புப் போட்டு ஒரே ஒரு தடவை நன்றாகக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவையுங்கள். கை பொறுக்கிற சூட்டில் அரைக் கரண்டி எண்ணெய் தேய்த்து, அப்புறம் தெரியாமல் ஊற்றிவிட்டதுபோல் பழைய பருத்தித் துணியால் முழுக்கத் துடைத்து எடுங்கள். இதுதான் உயிர்நாடி. நான் முதல் தடவை தாராளமாகப் பூசிவிட்டு, கல் முழுக்கப் பலாப்பால் மாதிரி ஒட்ட, இரும்பு நாரால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுரண்டினேன். துடைத்த பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, புகை கிளம்பி அடங்கும்வரை சூடாக்குங்கள். ஆறட்டும். இப்படி நாலைந்து முறை. பழுப்பாகி, அப்புறம் கறுக்கும். முதல் இரண்டு தோசை எப்படியும் பிய்ந்துதான் வரும். கழுவினதும் அடுப்பில் காட்டிக் காயவையுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் ஓர் இரவுக்குள் துரு ஏறிவிடும். புளிக்குழம்பைச் சுடவைக்க மட்டும் அந்தக் கல்லைத் தொடாதீர்கள், புளிப்பு படலத்தைத் தின்றுவிடும்.

விளக்கெண்ணெய் தனி ஜாதி. அதன் வாலில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒட்டு), அதனால்தான் அந்தக் கொழகொழப்பு; சமையலுக்கு வேண்டாம்.

சாமி விளக்கை எடுத்தவுடன் புளி போட்டுத் தேய்க்கிறோம், கை வலிக்கிறது, பிசுக்கு அசைவதில்லை. புளியின் அமிலம் பித்தளையின் கறுப்பைக் கரைக்கும், எண்ணெய்ப் படலத்தை ஒன்றும் செய்யாது. முதலில் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு கரண்டி வாஷிங் சோடா கலந்து கால் மணி நேரம் ஊறவையுங்கள்; சோடாவின் காரத்தன்மை அந்தப் படலத்தைச் சோப்பாக மாற்றிக் கழற்றும், பழைய பல்துலக்கியால் தள்ளினால் போதும். அப்புறம் புளி. சோடாத் தண்ணீரை மட்டும் அலுமினியச் சட்டியில் ஊற்றாதீர்கள், சட்டி கறுத்து அரித்துப்போகும்.