ப்ராக்ஸிக்குப் பின்னாடி சைட் சுத்திக்கிட்டே இருக்கா? இதப் பாருங்க

பிரிக்ஃபீல்ட்ஸ்ல மாமா முறுக்கு விக்கிறதுக்கு வேர்ட்பிரஸ்ல சைட் ஒன்னு போட்டுக் குடுத்தேன், முன்னாடி ப்ராக்ஸியா எஞ்சின்எக்ஸ் (வர்ற ஆள வாங்கி ஆப்புக்கு அனுப்புற சர்வர்) 443 போர்ட்ல, பின்னாடி ஆப், அதாவது வேர்ட்பிரஸ், 8080ல, சர்டிபிகேட்டும் போட்டாச்சு, அட்மின்ல அட்ரஸ எச்டிடிபிஎஸ்னு மாத்திட்டு தே தாரிக் குடிக்கப் போனா மாமா போன் பண்றாரு, "டேய், டூ மெனி ரீடைரெக்ட்ஸ்னு என்னமோ வருதுடா". தீபாவளி ஆர்டர் நேரம் வேற.

காரணம் இதான். என்க்ரிப்ஷன் எஞ்சின்எக்ஸோட முடிஞ்சிருது, அங்கேருந்து ஆப்புக்கு வெறும் எச்டிடிபிதான் போகுது, ஆப் அதப் பாத்து எச்டிடிபிஎஸ்ல வான்னு திருப்பி அனுப்புது. எப்படின்னா, கொண்டோ கேட்ல ஜாகா (காவலாளி, இங்க எஞ்சின்எக்ஸ்) ஐசி (அடையாள அட்டை) பாத்துட்டுதான் ஆள உள்ள விடுறாரு, மேல வீட்டுக்காரருக்கு (இங்க ஆப்) அது தெரியல, "கேட்ல பதிஞ்சிட்டு வா"ன்னு திருப்பி அனுப்புறாரு, அவனும் பதிஞ்சிட்டு மறுபடி வர்றான், மறுபடி அதே பேச்சு. அப்போ ஜாகா, வர்றவன் கையில ஒரு பாஸ் குடுத்து அனுப்பணும்ல?

அந்த பாஸ்தான் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெட்டர், ஆள் எச்டிடிபிஎஸ்ல வந்தானான்னு ரிக்வெஸ்ட்டோட போற ஒரு குறிப்பு. எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக்ல லொகேஷன் பிளாக்ல ப்ராக்ஸி பாஸ் வரிக்குக் கீழ ப்ராக்ஸி செட் ஹெட்டர் போட்டு, இதுக்கு ஸ்கீம் வேரியபிள குடுங்க. ஹோஸ்ட் ஹெட்டரையும் அனுப்புங்க, இல்லாட்டி ஆப் 127.0.0.1னு (அந்த சர்வர் தன்னையே கூப்பிடுற அட்ரஸ்) லிங்க் போட்டு மானத்த வாங்கும். உண்மையான ஐபி லாக்ல வேணும்னா எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார். டெஸ்ட் பண்ணிட்டு ரீலோட்.

இதோட முடியல, பாஸ நம்புன்னு ஆப்கிட்டயும் சொல்லணும், நான் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சது இங்கதான். வேர்ட்பிரஸ்னா கான்ஃபிக் ஃபைல்ல, செட்டிங்ஸ் ஃபைல கூப்பிடுற வரிக்கு *மேல*, அந்த ஹெட்டர் எச்டிடிபிஎஸ்னு வந்தா சர்வர் வேரியபிள்ல எச்டிடிபிஎஸ் ஆன்னு வைக்கணும், கீழ போட்டா வேலைக்கு ஆகாது. ஆப்ப வேற ஃபிரேம்வொர்க்ல எழுதியிருந்தா அதுக்கான செட்டிங் இது, எக்ஸ்பிரஸ்ல டிரஸ்ட் ப்ராக்ஸி, ஜாங்கோல செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெட்டர், லாரவெல்ல டிரஸ்ட் ப்ராக்ஸீஸ்.

ஆனா பாருங்க, இந்த பாஸ யாரு வேணா வீட்லயே அச்சடிக்கலாம், வெறும் ஹெட்டர்தானே. அதனால பின்வாசல மூடுங்க, ஆப் 127.0.0.1ல மட்டும் கேக்கணும். ஆப்ப டாக்கர் கன்டெய்னர்ல (தனிப் பெட்டி மாதிரி) ஓட்டுனா போர்ட்டுக்கு முன்னாடி 127.0.0.1 சேத்தே எழுதுங்க, யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல அடைச்சிட்டேன்னு தெம்பா இருக்காதீங்க, டாக்கர் அத சுத்திக்கிட்டுப் போய்த் தானே போர்ட்ட தொறந்துரும்.

எஞ்சின்எக்ஸுக்கும் முன்னாடி கிளவுட்ஃபிளேர் (அதுவும் ஒரு ப்ராக்ஸி சேவை) இருந்தா ஃபிளெக்சிபிள் மோட் வேணாம், அதுலயும் இதே சுத்தல்தான், ஃபுல் ஸ்ட்ரிக்ட் போடுங்க.

சரி பண்ணியும் சுத்துதுன்னா உடனே கான்ஃபிக்ல கை வைக்காதீங்க, பிரவுசர் பழைய 301 (நிரந்தர) ரீடைரெக்ட்ட ஞாபகம் வச்சிருக்கும், பிரவுசர விட்டுட்டு கர்ல் கமாண்ட்ல ஹெட்டர மட்டும் எடுத்துப் பாருங்க. மாமா போன்ல மட்டும் அடுத்த நாளும் சுத்துச்சு, கேஷ கிளியர் பண்ணித் தர நானே எல்ஆர்டி ஏறிப் போனேன் லா.