ஸ்லிப்பர் ஆர்க்கிட் நாற்று: வேரை மறந்தால் நடக்கும் தவறுகள்

டென்ட்ரோபியம், வாண்டா போன்ற ஆர்க்கிட்களை மொட்டை மாடியில் ஜோராக வளர்த்தவர்கள், செருப்பு மாதிரிப் பூ பூக்கும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் (பாஃபியோபெடிலம்) நாற்றை ஆறே மாதத்தில் இழப்பது அடிக்கடி நடக்கிறது. கைராசி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். டென்ட்ரோபியத்துக்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தடித்த தண்டு இருக்கிறது. வாண்டாவுக்குக் காற்றில் தொங்கும் கனத்த வேர்கள். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு இரண்டும் கிடையாது. ஓர் இலைக்கொத்து, அதற்குக் கீழே ரோமம் படர்ந்த பழுப்பு நிற வேர் நாலைந்து, அவ்வளவுதான். காட்டில் இவற்றில் பெரும்பாலானவை மட்கிய சருகிலும் பாசி படிந்த பாறை இடுக்கிலும் வளர்கின்றன. நாற்றாக இருக்கும்போது வேர் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நுனி உடைந்த வேர் பெரும்பாலும் மறுபடி நீளாது. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இந்த வேரைப் பற்றியவைதான்.

இவ்வளவு சிரமமான நாற்றை ஏன் வாங்க வேண்டும், பெரிய செடியாகவே வாங்கலாமே என்றால், வாங்கலாம். ஆனால் விலை கடிக்கும். ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டைத் திசு வளர்ப்பில் ஒரே அச்சாக லட்சக்கணக்கில் எடுக்கிறார்கள். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் அந்த வித்தை இன்னும் நம்பகமாகக் கைகூடவில்லை. வளர்ந்த செடியைப் பிரிக்க வேண்டும், இல்லையேல் விதையிலிருந்து வளர்க்க வேண்டும். விதையோ தூசி மாதிரி. உள்ளே சேமித்த உணவு இல்லை. 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த அகார் என்ற கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். இன்றைக்குக் கண்ணாடிக் குடுவைகளில் நாற்று வருவது அந்த வழியில்தான். ஒரே காயிலிருந்து வந்த நாற்றுகள் உடன்பிறப்புகளே தவிர இரட்டையர் இல்லை; எது எந்தப் பூ பூக்கும் என்பது பூக்கும்வரை தெரியாது. நாற்று வளர்ப்பதில் இருக்கும் சுவாரசியமே அதுதான்.

எதை வாங்குவது

முதல் தவறு படம் பார்த்து வாங்குவது. போர்னியோவின் கினபாலு மலையைச் சேர்ந்த ரோத்சைல்டியானம் என்ற இனத்தின் பூவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நாற்றிலிருந்து அது பூக்கப் பத்து வருடம்கூட ஆகலாம். இன்சிக்னே, ஃபேரியானம் போன்ற இனங்கள் வடகிழக்கு மலைகளிலும் இமயமலைச் சரிவுகளிலும் வளர்பவை. இரவில் குளிர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம். சென்னை, மதுரைக்காரர்கள் வாங்கினால், பிழைத்தாலும் பூக்காது.

சமவெளியில் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இலையில் பளிங்குக் கோலம் போட்ட மௌடியே வகைக் கலப்பினங்கள். காலோசம், லாரன்சியானம் என்ற இரண்டு இனங்களைச் சேர்த்து உருவாக்கிய மூல மௌடியே 1900இல் பதிவானது. தாய் தந்தை இரண்டுமே தென்கிழக்காசியாவின் வெப்பக் காடுகளைச் சேர்ந்தவை, அதனால் நம்மூர் இரவுச் சூட்டைத் தாங்கும். நாற்றுப் பருவம் தாண்டி இரண்டு மூன்று வருடத்தில் பூவும் பார்த்துவிடலாம்.

குடுவையோடு வாங்குவது மலிவு என்று முதல் முறையே அதில் கைவைக்காதீர்கள். குடுவைக்குள் ஈரம் நிறைந்த, கிருமியில்லாத காற்றில் வளர்ந்த குழந்தைச் செடி அது. வெளியே எடுத்து, அகாரைச் சுத்தமாகக் கழுவி, கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சர்க்கரையில் பூஞ்சை பிடித்தால் கூண்டோடு போய்விடும். இலைநுனியிலிருந்து இலைநுனிவரை பத்து சென்டிமீட்டராவது உள்ள, தனிக் கப்பில் இருக்கும் நாற்றே முதல் செடிக்குச் சரி. வாங்கும்போது செடியை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் கீழே வேர் இல்லை. இலை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். "காட்டுல இருந்து எடுத்தது, ஒரிஜினல்" என்று சொல்லி விற்றால் தொடவே வேண்டாம். பாஃபியோபெடிலம் முழுப் பேரினமும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவற்றைக் காக்கிறது. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே ஸ்லிப்பர் ஆர்க்கிட் பாஃபியோபெடிலம் ட்ரூரி. 1865இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்த, அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் மஞ்சள் பூ. சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனதில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. காட்டிலிருந்து பிடுங்கிய செடி வீட்டில் தேறுவதும் அபூர்வம். வேர் அறுந்தல்லவா வருகிறது!

தொட்டி, ஆழம்

"வளரத்தானே போகிறது" என்று பெரிய தொட்டியில் வைப்பது அடுத்த தவறு. மூன்று வேரால் அவ்வளவு ஈரத்தை உறிஞ்ச முடியாது. நடுவில் மீடியா (செடி நடும் கலவை) நாள்கணக்கில் நசநசவென்றே கிடக்கும், வேர் அழுகும். ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள கப் போதும். அடியில் நிறையத் துளை போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கப் என்றால் இன்னும் நல்லது: செடியைப் பிடுங்காமலே வேரைப் பார்க்கலாம். வேர் விட்டதா என்று வாராவாரம் பிடுங்கிப் பார்த்தே கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

செம்மண், தோட்டமண், தேங்காய் நார்த்தூள் எதுவும் வேண்டாம். மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள பைன் பட்டைத் துண்டுகள், அதே அளவில் உடைத்த மரக்கரி, கொஞ்சம் பெர்லைட் (பொரிந்த வெள்ளைக் கல் துகள்). பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டுகள் பரவாயில்லை. ஆனால் அவற்றில் உப்பு இருக்கும். பலமுறை ஊறவைத்து, தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசுங்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் செடி வருடக்கணக்கில் அப்படியே நிற்கிறதா? நட்ட ஆழத்தைப் பாருங்கள். இதைக் கவனிப்பவர்கள் குறைவு. புதுவேர் புறப்படுவது இலைக்கொத்தின் அடியிலிருந்து. அந்த இடம் ஈரமான மீடியாவைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அழுகிவிடுமோ என்று பயந்து கொஞ்சம் தூக்கி நட்டால், வேர் முனை வெளியே எட்டிப்பார்க்கும், காய்ந்த காற்றுப் பட்டதும் நின்றுவிடும். செடி பழைய வேரை வைத்துக்கொண்டே காலம் தள்ளும். அதுவும் போனதும் கதை முடிந்தது. பக்கக்கன்று ஒவ்வொன்றும் தாயைவிடச் சற்று உயரத்தில் முளைப்பதால் சரியாக நட்ட செடியும் காலப்போக்கில் மேலே ஏறிவிடும். அடிப்பகுதி மீடியாவுக்குள் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும்படி நடுங்கள். ஆடாமல் நிற்கவும் வேண்டும்; ஆடுகிற செடியில் புதுவேரின் முனை உரசியே கெட்டுவிடும்.

தொந்தரவு செய்யக் கூடாது என்று இரண்டு மூன்று வருடம் மீடியாவை மாற்றாமல் விடுவதும் டென்ட்ரோபியம் கற்றுக்கொடுத்த பழக்கம். இங்கே அது எடுபடாது. மட்கிய பட்டை காற்றை அடைத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை புது மீடியா கொடுத்தால் நாற்று சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்ளும். ஒரே தொட்டியில் கூட்டமாக வந்த நாற்றுகளை மட்டும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். இலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்வரை சேர்ந்தே வளரட்டும்.

தண்ணீரும் உரமும்

நன்றாகக் காயவிட்டு ஊற்றுவது என்ற விதி இதற்குப் பொருந்தாது. முழுக்கக் காயவும் கூடாது, சொதசொதவென்று நிற்கவும் கூடாது. கப்பைக் கையில் தூக்கிப் பாருங்கள்; எடை குறையத் தொடங்கியதும் ஊற்றலாம். சித்திரை வெயிலில் தினமும் தேவைப்படலாம், ஐப்பசி மழையில் ஐந்து நாள் தேவைப்படாமலும் போகலாம். கிழமை வைத்து ஊற்றினால் இரண்டிலும் தப்பாகும்.

ஊற்றுவது காலையில் இருக்கட்டும். இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கி, இரவு முழுக்கக் காற்றும் இல்லாவிட்டால் குருத்து அழுகல் வரும். பழுப்பாக, நீர்கோத்த மாதிரி, வாடையோடு பரவும். பாதித்த பகுதியை நல்ல திசு வரைக்கும் வெட்டி எறிய வேண்டும். வெட்டிய இலையில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவலாம். வேரில் படக் கூடாது, வேரை அது உலர்த்திவிடும்.

சென்னை போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கப் விளிம்பில் வெள்ளை உப்புப் படிகிறதா, இலைநுனி கருகுகிறதா, உரக் குறை என்று எண்ணி இன்னும் உரம் போடாதீர்கள். அது உப்பின் வேலை. மழைநீர் பிடித்து வையுங்கள், முதல் மழையை மட்டும் விட்டுவிட்டு. ஆர்.ஓ. தண்ணீரும் ஆகும், ஆனால் அதில் கால்சியம் இருக்காது என்பதால், கால்சியம், மெக்னீசியம் உள்ள உரமாகப் பார்த்து வாங்குங்கள்.

உரப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். பஞ்சகவ்யம், கடலைப்புண்ணாக்குக் கரைசல் எல்லாம் ரோஜாவுக்குச் சரி. இந்தச் சின்னக் கப்பில் பட்டையைச் சீக்கிரம் மட்கவைத்து, குட்டி ஈக்களையும் அழைத்து வரும்.

வெளிச்சத்தில் பெரிய ரகசியம் இல்லை. கிழக்குப் பார்த்த பால்கனி, அல்லது 75 சதவீத நிழல்வலைக்கு அடியில். இலை மஞ்சளித்தால் வெயில் அதிகம். கரும்பச்சையாகித் தொங்கினால் குறைவு. மே மாதத்தில் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் பாதி நோய் அண்டாது. ஈரம் வேண்டும் என்று காற்றே புகாமல் பிளாஸ்டிக் பையால் மூடி வைப்பதும், ஏசி அறைக்குள் கொண்டுபோய் வைப்பதும் இரண்டுமே தப்பு. புதிதாக வந்த செடியை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மாவுப்பூச்சி இலைக்கக்கத்தில் ஒளிந்துகொண்டுதான் வரும்.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு. மௌடியே வகை நாற்றுகளின் இலைகளெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். சீட்டுத் தொலைந்தால் பெற்றோர் யார் என்று பூத்த பிறகும் உறுதியாகச் சொல்ல முடியாது. கலப்பின் பெயர், வாங்கிய தேதி, கடைசியாக மீடியா மாற்றிய தேதி மூன்றையும் எழுதிக் கப்புக்குள் செருகி வையுங்கள். மார்க்கர் வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். பென்சிலால் எழுதினால் நிற்கும்.