இரட்சிப்பை இழக்கக்கூடுமா: விடை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசுவாசி ஒருவர் தாம் பெற்ற இரட்சிப்பை இழக்கக்கூடுமா என்ற கேள்விக்கு வேலூர்ப் பகுதித் திருச்சபைகள் ஒரே விடையைத் தருவதில்லை. இதை அறியாமல், தம் சபையில் கேட்டதே எல்லாக் கிறிஸ்தவர்களும் ஏற்ற கருத்து என்று எண்ணிக்கொள்வது முதல் தவறு. 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷன், தேவன் தாம் தெரிந்துகொண்டவர்களை முடிவுவரை காப்பார் என்று போதிக்கும் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. அம்மிஷனின் சபைகள் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இடம்பெற்றபோது, விசுவாசி விழுந்துபோகக்கூடும் என்று பிரசங்கித்த ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் அதே திருச்சபைக்குள் வந்தார்கள். ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் சபையாரும், பெந்தெகொஸ்தே சபையாரில் பெரும்பாலோரும், கத்தோலிக்கரும் இழக்கக்கூடும் என்றே கற்பிக்கின்றனர்.

முடிவுவரை காக்கப்படுதல் என்னும் போதனையைப் பாவத்துக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்வதும் தவறு. கன்வென்ஷன் கூட்டத்தில் கிறிஸ்துவை ஏற்பதாகக் கையுயர்த்திய நாளைச் சான்றாகக் காட்டிவிட்டு மனம்போல் வாழ்பவர்கள், அப்போதனையை வகுத்தவர்கள் சொன்னதைக் கேட்டதில்லை. 1618-19 ஆண்டுகளில் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கம், தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, விசுவாசிகள் கொடிய பாவங்களில் விழக்கூடும் என்றும், அதனால் கிருபையின் உணர்வைச் சில காலம் இழந்துபோவதும் உண்டு என்றும், தேவன் அவர்களை மெய்யான மனந்திரும்புதலுக்குள் மீண்டும் நடத்துவார் என்றும் அறிக்கையிட்டது. மனந்திரும்புதல் இல்லாத பாதுகாப்பை அச்சங்கம் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

ஆயினும், நம் ஊர்களில் மிகுந்த காயத்தை உண்டாக்குவது ஒருமுறை ஒளியைப் பெற்றபின் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்பும்படி மீண்டும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று சொல்லும் எபிரெயர் 6:4-6 வசனங்களைக் கையாளும் விதமே என்று கருதுகிறேன். குடியாத்தத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் நோயுற்றிருந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். குடிப்பழக்கத்தால் பல ஆண்டுகள் ஆலயத்துக்குப் போகாமலிருந்து, பின்பு மனங்கசந்து திரும்ப விரும்பிய அவரிடம், உபவாசக் கூட்டத்துக்கு வந்த ஒருவர் இவ்வசனங்களை வாசித்து, "ஐயா, உங்களுக்கு இனி வழியில்லை" என்று சொல்லியிருந்தார். அன்றுமுதல் பெரியவர் வேதத்தைத் திறக்கவே அஞ்சினார்.

அந்த நிருபம், உபத்திரவத்துக்கு அஞ்சிக் கிறிஸ்துவை விட்டு விலகும் நிலைக்கு வந்திருந்த மக்களுக்கு எழுதப்பட்டது. அவரை அறிந்த பின்பும் வெளிப்படையாக மறுதலித்து, அதிலேயே நிலைத்துவிடுவதைப் பற்றிய எச்சரிப்பு அது. தன் பாவத்துக்காக அழுகிறவரைக் குறித்து அது பேசவில்லை. அழுகை உண்டென்றால் மனந்திரும்புதல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. எச்சரித்த ஆசிரியரே ஒன்பதாம் வசனத்தில் வாசகர்களைப் "பிரியமானவர்களே" என்றழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் அவர்களிடத்தில் உண்டென்று நம்புவதாக எழுதுகிறார். ஆறாம் வசனத்தோடு வாசிப்பை நிறுத்துவது பெருங்கொடுமை.

இழக்கக்கூடும் என்று கற்பிப்பவர்களும் திரும்பிவரும் வழியை அடைப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1530-இல் லுத்தரன்கள் அளித்த ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 12-ஆம் பிரிவு, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்போரை மறுக்கிறது. விழுந்தவர் மனந்திரும்பி வந்தாலும் மன்னிப்பு அளிக்க மறுப்போரையும் அதே பிரிவில் கண்டிக்கிறது. வெஸ்லியும் பின்வாங்கிப்போனவர்கள் பலர் மீண்டும் சேர்ந்ததைக் கண்டதாகவே பிரசங்கித்தார்.

தம் ஆடுகளை ஒருவரும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்று இயேசு சொல்லும் யோவான் 10:28-ஐ ஒருவரும் எபிரெயர் 6-ஐ மற்றொருவரும் ஏந்திக்கொண்டு வாதிடுவதால் பயனில்லை. அலட்சியமாய் வாழ்பவருக்கு எச்சரிப்பும், நொறுங்குண்டவருக்கு வாக்குத்தத்தமும் தேவை. பலர் இவ்விரண்டையும் ஆள் மாற்றிக் கொடுத்துவிடுகின்றனர்.

அந்தப் பெரியவருக்கு லூக்கா 22:32-ஐ வாசித்தேன். பேதுரு தம்மை அறியேன் என்று மறுதலிப்பதற்கு முன்பே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டதாக இயேசு அதில் சொல்கிறார். "முன்னாடியேவா?" என்று கேட்டு, அந்த வசனத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் பெரியவர்.